பேச்சில்லாத அழைப்பு

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஊரே ரிசீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு கதை பேசிய தொண்ணூறுகளின் கடைசியில், அவளுக்கு வாய்த்த டெலிபோன் ஒரு மின்னஞ்சல் பெட்டி. சின்னத் திரை, கீழே தட்டச்சுப் பலகை, பின்னால் டெலிபோன் கம்பி. அவள் தட்டி அனுப்பினால் பெட்டி தானாகவே அதை விற்ற கம்பெனிக்கு எண் சுழற்றும். அங்கிருந்த சர்வர் வழியாக அது பங்சாரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு வந்து சேரும்.

அந்தக் கம்பெனி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடப்பட்டது. பெட்டி ஊமையாகிவிட்டது. அப்போது அக்கா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கிள்ளானுக்கு வெளியே, பந்திங் போகும் சாலையில் அக்காவுக்கும் அவள் கணவர் மாமாவுக்கும் புது வீடு. அந்த வரிசையில் பாதிக்கு மேல் ஆளில்லாத வீடுகள். மாமா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார், ஜோகூர் போனால் மறுநாள்தான் வருவார். எங்கள் அம்மா உயிரோடு இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடும் அப்பாவோடும் வந்து இரு என்று எவ்வளவோ கெஞ்சினேன். என் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டாள். பிடிவாதத்துக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது. பேசாமல் ஒரு ஃபேக்ஸ் வாங்கிக் கொடு என்றார் அப்பா. செத்துப்போன கம்பெனிக்குப் பயந்து நல்ல பெட்டியைக் குப்பையில் போடுவதா என்று எனக்கு ரோஷம்.

பெட்டியின் இரண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால், பழுதுபார்ப்பவர்களுக்கான பக்கம் ஒன்று திறந்தது. அதில் கம்பெனியின் எண்ணை அழித்துவிட்டு எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன். கடையில் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, மூடிகூட இல்லாமல், வீட்டு டெலிபோன் பக்கத்தில் வைத்து மோடம் மாட்டினேன். அதுதான் என் சர்வர். அப்பா அதற்கு வைத்த பெயர் சனியன்.

பெட்டியை ஒரு வாரக்கடைசியில் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு டெலிபோனில் மாட்டி எங்கள் வீட்டுக்கு அடிக்க வைத்தேன். இணைப்பு கிடைத்ததும் பெட்டி ஒரு நீண்ட எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. கம்பெனி என்ன பதில் சொல்லுமென்று யாருக்குத் தெரியும்? தப்பான பதில் தொடர்ந்து வந்தால் பெட்டி தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. பூட்டினால் திறக்க ஆள் இல்லை. பயந்து பயந்து ஒவ்வொரு பதிலாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில், வணக்கம் சொன்னவருக்குத் திருப்பி வணக்கம் சொல்வதுபோல, அது சொன்ன எண்ணையே அதனிடம் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஏற்றுக்கொண்டது. இதற்குத்தானா இத்தனை பந்தா என்று பெட்டியின் தலையில் ஒன்று வைத்தேன்.

பெட்டியை அக்கா வீட்டில் திரும்ப மாட்டினேன். மிச்சமிருந்தது ஒரே சிக்கல். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே லைன். முதல் மணியிலேயே மோடம் எடுத்தால், கூப்பிடும் சொந்தக்காரர்கள் காதில் கீச்சென்று கத்தும். அதனால் ஐந்தாவது மணியில் எடுக்கும்படி வைத்தேன். அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: எடுத்துப் பேச்சு இல்லையென்றால் அது அக்கா, வைத்துவிடுங்கள், அடுத்த முறை அடித்தால் தொடாதீர்கள். தலையாட்டினார். ஆனால் அப்பா வேலைக்காலம் முழுக்க ரயில்வே சிக்னல் அறையில் இருந்தவர். அங்கே மணி அடித்து எடுக்காமல் விட்டால் ரயிலும் ரயிலும் மோதும். முதல் மணி முடிவதற்குள் அவர் கை ரிசீவரில் இருக்கும்.

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா கொதித்துக்கொண்டிருந்தார்.

"எவனோ ஒருத்தன் காலையிலேர்ந்து போன் அடிக்கிறான் லா. எடுத்தா பேச மாட்டேங்கிறான். நல்லா திட்டி விட்டுட்டேன்."

"எத்தனை தடவைப்பா?"

"யாரு எண்ணுனா? அடிச்சிக்கிட்டேதான் இருந்தான்."

"அது அக்கா! வாய் தொறந்து பேசுறதுக்கு அவ என்ன பண்ணுவா?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அப்பா டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா ஜோகூரில். நாம் அடித்தால் அவளுக்குக் கேட்காது. கார் சாவியை எடுத்தேன். கிளம்பினால், நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது அவள் என்ன சொன்னாள் என்பதே தெரியாது. அவள் வீட்டிலிருக்கிறாளா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாளா? இங்கேயே காத்திருந்தால், அந்த நேரமெல்லாம் வீண். சாவியோடு டெலிபோன் பக்கத்திலேயே நின்றேன்.

மணி அடித்தது.

அப்பாவின் கை பாய்ந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மணி. அவர் கை என் பிடிக்குள் துடித்தது. அறுபது வயதுக்கு மேலும் அந்தக் கையில் அவ்வளவு பலம். மூன்று. "விடும்மா, வெச்சிடப் போறா" என்றார். நான்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவதில் மோடம் எடுத்துக் கீச்சிட்டது. இருவரும் திரையைப் பார்த்துக் குனிந்தோம்.

பெட்டி காலையிலிருந்து போகாத செய்திகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. எழுதிய வரிசையிலேயே திரையில் வந்தன. பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மலாயில்தான் எழுதுவாள். நான் அப்பாவுக்குத் தமிழில் வாசித்தேன்.

வலி மாதிரி இருக்கு. அவசரமில்லை.

வலி விட்டு விட்டு வருது. மாமா வரலை.

பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போகுது. வீட்டுலதான் இருக்கேன். வாங்க.

அப்பா வீட்டுல இல்லையா?

கடைசி வரியை வாசிக்க எனக்கு மனமே இல்லை. வாசித்தேன். வருகிறோம் என்று ஒரு வரி தட்டி, லைன் அறுவதற்குள் அனுப்பினேன்.

அப்பாவும் நானும் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். அக்கா கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். என் வரி அவளுக்குப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அப்பா என்றைக்குத்தான் வீட்டில் இருந்திருக்கிறார் என்று அக்கா சைகையில் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

சொந்தக்காரர்கள் காதில் கீச்சிட்டாலும் பரவாயில்லையென்று, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐந்தாவது மணிக்கு முன்னால் யாரும் டெலிபோனைத் தொடுவதில்லை. அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் பழக்கம் விடுமா? ஒருநாள் நான் சமையலறையில் இருந்தேன். மணி அடித்த வேகத்தில் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் ஓடி வருவதற்குள் அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காது கேட்காத மகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அப்பா வீட்டுலதாம்மா இருக்கேன். வெச்சிடுறேன், திரும்ப அடி."