பரண்மேல் மூன்று முட்டைகள்

பச்சை முட்டை குரலைத் திறக்கும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆறாம் வகுப்பிலேயே பழங்காநத்தத்துப் பேச்சுப் போட்டிகளின் கோப்பைகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய மாலையில் அம்மா ஒரு முட்டையைப் பாலில் அடித்துக் கொடுப்பார். வென்றது என் வாதம்தான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அன்று முட்டையில்லாமல் மேடையேறும் துணிவு எனக்கு இல்லை.

அந்த ஆண்டு கார்த்திகையில் அப்பா முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை போட்டவர் இருக்கும் வீட்டில் மீனும் கறியும் முட்டையும் கூடாது. ஐப்பசியின் கடைசி நாளில் மிஞ்சிய ஆறு முட்டைகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவரும்படி அம்மா என்னிடம் நீட்டினார். மூன்றை மட்டுமே கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மாவட்டப் போட்டி இருந்தது. மற்ற மூன்றையும் பழந்துணியில் சுற்றி, அடுப்படிப் பரணில் முறுக்கு உரல் வைக்கும் தகர டப்பாவுக்குள் ஒளித்தேன். தீபாவளி முடிந்திருந்தது, அடுத்த தீபாவளி வரை அதை ஒருவரும் தொடமாட்டார்கள். திட்டத்தில் பிழையே இல்லை. மழையால் போட்டி தள்ளிப்போனதும், நான் முட்டைகளை மறந்துபோனதும் திட்டத்தில் சேராதவை.

முதன்முறை மலைக்குப் போகிறவர் வீட்டில் கன்னிபூஜை நடக்கும். எங்கள் வீட்டுப் பூஜைக்குக் குருசாமியும் இருபது சாமிகளும் வந்து பகலுணவு கொள்வதாக இருந்தது. அன்று விடிந்ததும் அடுப்படிக் கதவைத் திறந்த அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

“எங்கயோ எலி செத்துக் கெடக்கு சாமி.”

மாலை போட்டது முதல் அப்பா எங்கள் எல்லோருக்கும் சாமிதான்.

சிலிண்டரை நகர்த்தினார்கள். கிரைண்டருக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார்கள். இட்லிமாவு வாளியை ஆளுக்கொரு முறை முகர்ந்தார்கள். எலி அகப்படவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து வாழையிலைக் கட்டோடு வந்த மாமா, நாற்றத்தை முதலில் அடக்கிவிட்டால் அதன் மூலத்தை ஆற அமரத் தேடலாம் என்று சொல்லிச் சாம்பிராணி போட்டார். எலுமிச்சையை நறுக்கி மூலைக்கொன்றாக வைத்தார். காப்பித்தூளை வாணலியில் வறுத்தார். நாற்றம் இவை அனைத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டது.

“நீ வாரதுக்கு முன்னாடி இம்புட்டு இல்லடா,” என்றார் அம்மா தம் தம்பியிடம்.

எனக்கு அதற்குள் முட்டைகள் நினைவுக்கு வந்திருந்தன. விரதம் பிசகியவர்களை மலைப்பாதையில் புலி மறிக்கும் என்று வகுப்புத் தோழி ஒருத்தி மிக விரிவாகச் சொல்லியிருந்தாள். முட்டை இருப்பது அப்பாவுக்குத் தெரிந்தால் விரதம் பிசகும், தெரியாவிட்டால் பிசகாது. அந்த வயதில் எனக்கு அது மறுக்க முடியாத தர்க்கமாகப் பட்டது. எனவே, பரணையும் ஒரு வாட்டி பார்த்துவிடலாம் என்று அம்மா சொல்லி, அப்பா முக்காலியை இழுத்தபோது, அவர் உயிரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் என்மீது விழுந்தது.

அடுப்படி வாசலில் நின்று பேசினேன். அவைக்கு வணக்கம் சொல்லாதது ஒன்றே குறை. மூலையில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கு இருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு தங்கிக் கல்லூரியில் வேதியியல் படித்துவந்தார். அவர்தான் பூஜைக்காகப் புதன்கிழமை மழையில் அதை வாங்கிவந்தவர். நனைந்த கிழங்கு அழுகும் என்றேன். கட்டிய சாக்கு காற்றை அடைக்கும் என்றேன். அழுகிய கிழங்கின் முன் செத்த எலியும் தோற்கும் என்பதை ஏற்ற இறக்கத்தோடு விளக்கி, ஆகவே பரணில் ஏறுவது காலவிரயம் என்று முடித்தேன். முக்காலியில் ஒரு காலை வைத்திருந்த அப்பா அப்படியே நின்றார்.

அத்தை சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பரணைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஆமா சாமி, ஈரத்தக் காயப்போடாம கட்டி வச்சது நான்தான். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க, கழுவி விட்டுர்றேன்.”

“படிச்ச பிள்ள செய்யிற வேலையா இது?” என்றார் அம்மா. “நாளைக்குப் போற வீட்டுல எங்களத்தான ஏசுவாக.”

கெமிஸ்ட்ரி லேபை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று மாமா தம் பங்கைச் சேர்த்தார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பதால் அப்பா சரணம் மட்டும் சொன்னார். அத்தை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு திறந்தபோது பினாயில் மட்டுமே மணத்தது. புழக்கடைத் துவைகல்லில் முறுக்கு டப்பா கழுவிக் கவிழ்த்திருப்பதைக் கண்டேன். ஆனால் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் பேச்சில் மகிழ்ந்த ஐயப்பனே முட்டைகளை மறையச் செய்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பின்னர் அப்பா புலியின் வாலைக்கூடக் காணாமல் மலையிலிருந்து திரும்பியபோது அம்முடிவு உறுதிப்பட்டது.

சாமிகள் உண்டெழுந்தபின் எங்கள் பந்தி. அம்மாவின் வசவு காலையிலிருந்து நின்றபாடில்லை. அதைக் கேட்டுக்கொண்டே அத்தை பரிமாறினார். என் இலையில் பொன்னிறமாக உருளைக்கிழங்குப் பொரியல் விழுந்தது. அழுகியதைக் களைந்துவிட்டு நல்லதை மட்டும் ஆக்கியதாக அத்தை சொல்லியிருந்தார். இருபது சாமிகள் இரண்டு முறை வாங்கி உண்டும் பாத்திரம் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. அழுகியது எவ்வளவு, களைந்தது எங்கே என்று கேட்க, எதையும் கேள்வி கேட்டுப் பழகிய எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தை என் பக்கமாகக் குனிந்தார்.

“நல்லாத்தான் பேசுன. இன்னொரு கரண்டி வைக்கவா?”

தோற்றவர் வென்றவரைப் பாராட்டும் பெருந்தன்மை அது என்று எடுத்துக்கொண்டேன். அவர்மீது சற்று இரக்கம்கூட வந்தது. வையுங்கள் அத்தை என்று இலையைக் காட்டினேன்.