மாலை போட்ட போட்டோவுக்கு ஒரு வசனம்

படப்பிடிப்பின் முதல் நாளே அக்காவைச் சாகடித்துவிட்டார்கள். அவர் மேல் பிழை எதுவுமில்லை. உருத்திரபுரத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். மார்கழியில் குடும்பத்தோடு வருவார், அதற்குள் வீட்டை விட்டுவிட வேண்டும். அதனால் அந்த வீட்டில் நடக்கும் மூன்றாம் தலைமுறைக் காட்சிகளை முதலில் எடுப்பது என்று முடிவாயிற்று. மூன்றாம் தலைமுறை வரும்போது அக்காவின் பாத்திரம் செத்துச் சுவரில் ஏறியிருக்கும். அவர் உயிரோடு இருக்கும் இரண்டாம் தலைமுறையைப் பிறகு வயலுக்குள் ஒரு கொட்டில் போட்டு எடுப்பதாக ஏற்பாடு.

நான் அந்தப் படத்தில் ஜெனரேற்றர்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பிறகு மணல் லொறி, அறுவடை மெஷின், பெயின்ற் வேலை, மன்னார்ப் பக்கம் கொஞ்சக் காலம் கருவாடு. ஓர் இடத்தில் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். இந்த வேலையில் நான் நின்று பிடித்ததற்குக் காரணம் மத்தியானச் சாப்பாடு. அதைச் சமைத்ததும் அக்காதான். சிறிய படம், ஒருவருக்கு இரண்டு வேலை.

கதை இதுதான். தாத்தா காடு வெட்டிக் குடியேறுவார். மகனும் மருமகளும் அதை வயலாக்குவார்கள். பேரன் அதை விற்றுவிட்டுப் போகலாமா என்று யோசிப்பான். அந்த மருமகள்தான் அக்கா. மாமனாரோடு சண்டை பிடிக்க வேண்டும், கதிர் அறுக்க வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும், கடைசியில் பாம்பு கடித்துச் சாக வேண்டும். பக்கம் பக்கமாக வசனம் இருந்தது. நெளுக்குளத்தில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா, அடுப்படியில் நின்றே அத்தனையையும் பாடமாக்கிவிட்டார். தான் குடியிருக்கும் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லியும் வைத்திருந்தார். படத்தில் நடிக்கிறேன் என்று சொல்லவில்லை, படத்தில் கதைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவரோடு இருக்கும் மாமியார் அதைக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

இயக்குநர் புதுக்குடியிருப்பில் ரியூசன் படிப்பிக்கும் பெடியன். நாங்கள் எல்லோரும் 'சேர்' என்போம். அக்கா மட்டும் 'தம்பி' என்பார். சுவரில் மாட்டுவதற்குப் போட்டோ எடுத்த அன்றே இரண்டு பேருக்கும் கொழுவல் தொடங்கியது.

"அக்கா, சிரியாதேங்கோ. நீங்கள் செத்தவா."

"எடுக்கேக்கை உயிரோடதானே இருந்திருப்பன் தம்பி? செத்த பிறகே ஸ்ரூடியோவுக்குப் போனனான்?"

அவர் சிரித்தபடிதான் போட்டோவில் விழுந்தார். பெரிதாக்கி, பிரேம் போட்டு, பிளாஸ்ரிக் மாலை போட்டு, மேலே சின்னச் சிவப்பு மின்குமிழ் ஒன்றும் பூட்டினோம். அந்த மின்குமிழ் அணையாமல் பார்ப்பது என் பொறுப்பு.

சமையல் முடிந்தால் அக்கா குசினியில் இருக்கலாம். இருக்க மாட்டார். கமராவுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து தன் போட்டோ நடிப்பதைப் பார்ப்பார். "ஏன் அக்கா இதுக்குள்ள நிக்கிறியள்?" என்று கேட்டால், "இந்தக் காட்சியிலை நான் இருக்கிறன்தானே" என்பார். அந்தப் பேரனாக, அதாவது அக்காவின் மகனாக, நடித்தவன் தள்ளி நின்று போட்டோவை மறைத்தால், "தம்பி, என்னை மறைக்கிறாய்" என்று சத்தம் வரும். அதோடு அந்தக் காட்சி போய்விடும்.

ஒருநாள் பக்கத்துக் காணி ஐயா வேடிக்கை பார்க்க வந்தார். நாங்கள் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே அக்கா மட்டும், தன் போட்டோவுக்குக் கீழே இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டோவைக் கும்பிட்டார்.

"எப்ப பிள்ளை நடந்தது?"

"போன கிழமை ஐயா."

"கூடப் பிறந்தவாவே? அப்பிடியே உம்மடை முகம்."

"ஓம், கொஞ்சம் கிட்டின உறவு."

"வருத்தமே?"

"பாம்பு."

ஐயா உச்சுக் கொட்டினார். "முகத்தைப் பாக்கவே விளங்குது, நல்ல மனிசி" என்றார். அக்கா எழுந்து போய் அவருக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். "உயிரோட இருக்கேக்கை ஒருத்தரும் என்னை இப்பிடிச் சொன்னதில்லை" என்று பின்னேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு உண்மையைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு மழை தொடங்கியது. வயலுக்குள் போட்ட கொட்டில் சரிந்தது. தாத்தாவாக நடிக்க வந்தவர் தன் சொந்த வயலைப் பார்க்கப் போய்விட்டார். சேர் இரண்டு நாள் தாடியைத் தடவிவிட்டு, இரண்டாம் தலைமுறையை எடுப்பதில்லை, அதைப் பின்னணிக் குரலில் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார்.

"உங்கட போட்டோ இருக்குத்தானே அக்கா. அதைப் பாத்தாலே சனத்துக்கு விளங்கும்."

அக்கா குசினிக்குள் போனார். அன்றைய சொதியில் உப்பு இல்லை. ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மாமிக்கு என்னெண்டு சொல்லுறது? மனிசி ஊரெல்லாம் சொல்லிப்போட்டுது."

"போட்டோவிலை வாறன் எண்டு சொல்லுங்கோவன்."

"போட்டோ எங்கட வீட்டிலையும்தான் மாலையோட தொங்குது, மூண்டு. அதைப் பாத்து நல்லா நடிக்கினம் எண்டு ஆரும் சொன்னவையே?"

அதில் ஒன்று அவருடைய புருசன், மாமியாரின் மகன். மற்ற இரண்டையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தொங்குவதை அவரும் கேட்டதில்லை.

வீட்டைக் கொடுப்பதற்கு முன் மிச்சமிருந்த பெரிய காட்சி எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து எட்டாம் நாள் படைப்பது. சேர் எழுதி வைத்திருந்தது சோறு, பருப்பு, கத்தரிக்காய்.

"கத்தரிக்காய் எனக்கு ஒத்துவராது" என்றார் அக்கா. "கணவாய் வேணும்."

"அக்கா, உங்களுக்கில்லை. பாத்திரத்துக்குப் பிடிச்சது."

"பாத்திரத்துக்கு என்ன பிடிக்கும் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? அவாவோட இருந்து சாப்பிட்டனீரே?"

கணவாய்க் கறி வந்தது. முருங்கையிலை வறை வந்தது. ஒரு போத்தல் சோடாவும் வந்தது. தன் படையலுக்குத் தானே உப்புப் பார்த்துத் தலைவாழை இலையில் பரிமாறிவிட்டு அக்கா குசினிக்குள் போனார். அதுதான் எங்கள் மத்தியானச் சாப்பாடும். காட்சி முடிந்த பிறகுதான் கை வைக்கலாம் என்று சேர் கட்டளை.

மகனாக நடித்த பெடியன் கிளிநொச்சியில் போன் கடையில் நிற்பவன். போட்டோவைப் பார்த்து அவன் அழ வேண்டும். அழுகை வரவில்லை. வெங்காயம் கொடுத்தார்கள், தைலம் பூசினார்கள். கண் சிவந்ததே தவிர ஒன்றும் இறங்கவில்லை.

"சேர், போட்டோவிலை அக்கா சிரிக்கிறா. பாக்க எனக்கும் சிரிப்பு வருது."

திரும்பத் திரும்ப எடுத்தோம். கணவாயின் மணம் எங்களைக் கொன்றது. கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, பொறுமை போய்க் குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"டேய்! எத்தினை தரம் கூப்பிடுறது? சோறு ஆறுது. வந்து சாப்பிட்டிட்டுப் போய் அழு!"

"வாறன் அம்மா" என்று பெடியன் எழும்பிவிட்டான்.

அவன் அக்காவை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. பாதி எழும்பியவன் அப்படியே நின்றான். எங்களைப் பார்த்தான், குசினியைப் பார்த்தான், பிறகு போட்டோவைப் பார்த்தான். மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்தான். முகம் வேறாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவனைச் சித்திதான் வளர்த்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். 'கட்' சொல்ல வேண்டிய சேர் வாயைத் திறக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் சேருக்கு உசார் வந்தது. "அக்கா, அந்தக் குரலை வைப்பம். ஆனா திரும்பச் சொல்லுங்கோ. மெதுவா, தூரத்திலை இருந்து வாற மாதிரி. செத்தவா கூப்பிடுறா."

"செத்தவை மெதுவாக் கதைப்பினம் எண்டு எந்தச் செத்தவா வந்து உமக்குச் சொன்னவா?"

ஆனாலும் முயன்றார். நான் ஜெனரேற்றரை நிறுத்தினேன். அக்கா கண்ணை மூடி, "மகனே... சோறு ஆறுதப்பன்..." என்று இழுத்தார். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர் பசியோடு இருப்பதுபோல இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சேர் இரண்டையும் வைத்திருந்து பார்ப்பதாகச் சொன்னார். எதை வைப்பார், வைப்பாரா என்பதே தெரியாமல் அக்கா நெளுக்குளம் போனார். நான் முல்லைத்தீவுப் பக்கம் வலை இழுக்கப் போனேன்.

மாதங்கள் கழித்துக் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். அக்கா ஒழுங்கைச் சனத்தோடு ஒரு வான் பிடித்து வந்திருந்தார். முன் வரிசையில் மாமியார்; பக்கத்தில் அக்கா, சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு. போட்டோ திரையில் வரும்போதெல்லாம் மாமியார் திரும்பி, "எப்பவடி கதைக்கிறாய்?" என்று கேட்பது பின்னால் இருந்த எனக்கும் கேட்டது. பாதிப் படம் போய்விட்டது. அக்கா இன்னும் சுவரில்தான்.

எட்டுச்செலவு வந்தது. இலை, கணவாய், பெடியன். பிறகு அந்தச் சத்தம். குசினியிலிருந்து வந்த அதே சத்தம். பின்னால் என் ஜெனரேற்றர் உறுமுவதும் கேட்டது. கடைசியில் வந்த 'போய் அழு' மட்டும் இல்லை. மண்டபம் சிரித்தது. "வாறன் அம்மா" என்று அவன் எழும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமியார் அக்காவின் கையைத் தட்டினார். "ஓம். கதைக்கிறாய்."

வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் வானடியில் நின்ற அக்காவிடம் கதை கொடுத்தார். போட்டோவுக்கும் இவருக்கும் முடிச்சுப் போடவில்லைப் போல.

"நல்ல படம். ஆனா அந்தத் தாய் சரியான வாய். செத்தும் அந்தப் பிள்ளையை ஏசுறா, பாவம்."

"ஏசாமல்?" அக்கா இடுப்பில் கையை வைத்தார். "விடியத் தொடக்கம் அவன் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. தெரியுமே உங்களுக்கு?"

"அது... தெரியாது."

"தெரியாட்டிக் கதைக்காதேங்கோ" என்றுவிட்டு, மாமியாரைக் கைத்தாங்கலாக வானில் ஏற்றினார்.