பதினைந்து நாள் அறிவிப்பு

தொண்ணூறுகளின் பின்பாதியில் வேலூர் மாவட்டத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் துணை வட்டாட்சியராக இருந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று, ஒரு மனிதன் இன்னார்தான் என அவனுக்கே நிரூபித்துக் கொடுப்பது என் வேலை. விதிகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அதில் எனக்கிருந்த கர்வத்தைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பொதுவாகப் புகார் சொல்வதில்லை.

ஒரு ஜூலை தொடக்கத்தில், கணியம்பாடிப் பக்கம் இருந்த குழந்தைகள் இல்லத்தின் காப்பாளர் அம்மா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பதினேழு வயது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்று மட்டும் இல்லை. மாத முடிவுக்குள் அதைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

சாதி தெரியாத பிள்ளைக்கும் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமில்லாமல், அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளரும் பிள்ளையைப் பிற்படுத்தப்பட்டோரில் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். யாருமில்லை என்பதை மட்டும் நிரூபிக்க வேண்டும்.

இந்தப் பெண் ஐந்து வயதில் விரிஞ்சிபுரம் கோயிலில் கண்டெடுக்கப்பட்டவள். கார்த்திகைக் கடைசி ஞாயிறு. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரச்சேலையோடு பிராகாரத்தில் படுத்திருந்த கூட்டத்தில் யாரோ இவளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இல்லத்தின் பதிவேட்டில் அவள் சொன்ன பெயர் இருந்தது. இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு என்று இருந்தது. 'ஊர் கேட்டால் ஆம்பூர் என்கிறது' என்றும் ஒரு வரி இருந்தது.

"ஒரு வாரத்துல ஆயிடுமா சார்?" என்று காப்பாளர் கேட்டார்.

"அறிவிப்பு ஒட்டணும்மா. உரிமை கோர்றவங்க வர்றதுக்குப் பதினஞ்சு நாள் டைம். யாரும் வரலன்னா கொடுத்துடலாம்."

"பன்னண்டு வருஷமா வரல சார்," என்றாள் அந்தப் பெண். "பதினஞ்சு நாள்ல வந்துருவாங்களா?"

இப்படிப்பட்ட அறிவிப்புகளை எங்கள் அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒட்டுவார்கள். பல்லிகள் படிக்கும். பதினாறாம் நாள் கிழித்துக் கோப்பில் சேர்ப்பார்கள். எனக்கு அந்த அலட்சியம் பிடிக்காது. தழும்பையும் குறிப்பிட்டு, ஆம்பூர்ப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலகங்களில் ஒட்டச் சொல்லி நகல்கள் தயாரித்தேன்.

தபால் கட்டிய அலுவலக உதவியாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், வேணாம்னு உட்டுட்டுப் போனவனுக்குப் பத்திரிகை வச்சி அழைக்கறீங்க?"

"'உரிய இடங்களில்'னு விதி இருக்குதுப்பா."

"ஜாஸ்தி படிச்சா இதான் பேஜாரு," என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

பதின்மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். ஊரில் யாரோ அறிவிப்பைப் படித்துச் சொன்னார்களாம். தோல் பதனிடும் இடத்தில் மூட்டை தூக்குபவர். விரல்களைச் சுண்ணாம்பு அரித்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் குடும்ப அட்டை வைத்திருந்தார். அதில் மனைவி பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருந்தது. மகள் பெயர் மாறவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் பெயருக்கு அரிசியும் சர்க்கரையும் வாங்கப்பட்டிருந்தன. அரசின் கணக்குப்படி அவள் ஒரு வேளை கூட வீட்டில் சாப்பிடாமல் இருந்ததில்லை.

இல்லத்துக்குச் சொல்லியனுப்பி, மறுநாள் எல்லோரையும் விசாரணைக்கு வரச் சொன்னேன்.

"கூட்டத்துல காணாமப் போய்ட்டா சார்," என்றார் அப்பா.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"எழுதப் படிக்கத் தெரியாது சார்."

அது கேள்விக்குப் பதில் இல்லை. ஆனாலும் பதிவு செய்தேன். பிறகு, "உங்க சாதிச் சான்றைக் காட்டி ஒரு மனு கொடுங்க. அதை வச்சி இவளுக்கு நாளைக்கே போட்டுத் தர்றேன். படிக்கட்டும்," என்றேன்.

"படிச்சது போதும் சார். ஷூ கம்பெனில பேசிட்டேன். தையல் செக்ஷன். வேன்லயே இட்டுனு போயி வேன்லயே உட்ருவான்."

நான் பெண்ணைப் பார்த்தேன். "இவர் யாரும்மா?"

"தெரியாது சார்." வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"அவதான் தெரியாதுன்றாளே சார்," என்றார் காப்பாளர், குரலைத் தாழ்த்தி. "அப்படியே எழுதிக்குங்களேன்."

எழுதியிருக்கலாம். 'விசாரணையில் உறவு நிரூபிக்கப்படவில்லை.' ஒரே வரி. அந்த ஆளுக்கு வக்கீல் வைக்கும் வசதி இல்லை, மேலே போகத் தைரியமும் இல்லை. பிற்பகல் முழுவதும் குடும்ப அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அரசு ஆவணம். அதற்கு எதிரே ஒரு சிறுமியின் வாய்மொழி. கவனிக்கத் தந்தை இருப்பதால் மனுவை நிராகரிக்கலாம் என்று, விதி எண்ணோடு குறிப்பு எழுதினேன். வட்டாட்சியர் படிக்காமல் கையெழுத்திட்டார். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்று கீழே குறிப்பிட்டோம். பயிற்சிப் பள்ளிக்கு அவள் சான்றைக் கொடுக்க மிச்சமிருந்தது பத்து நாள்.

நகல் இல்லத்துக்கும் போனது, தகவலுக்காக. அது வழக்கம்.

இரண்டு நாள் கழித்துக் காப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க ஆர்டர் வந்துச்சி. அப்பா இருக்குறாருன்னு கவர்ன்மெண்டே சொல்லிடுச்சி. இனிமே அவள நான் எப்படி சார் வச்சிக்கறது? இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க."

படிப்பு போனால் இல்லமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நானே போனேன். என் ஆணைக்கு எதிரான மேல்முறையீட்டை நானே எழுதி, பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார், வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு இரவு என் ஆணையைத் திரும்பத் திரும்பப் படித்து ஓட்டை தேடினேன். நான் எழுதும் ஆணையில் ஓட்டை இருக்காது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை கடைசி நாளில் இல்லத்தில் அவளை ஒப்படைத்தார்கள். நான் போக வேண்டிய அவசியமில்லை. போனேன். படிவம் இரண்டு பிரதிகள். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் காப்பாளர் கையெழுத்திட்டார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டு, விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சாட்சிக்கு ஆள் தேடினார்கள். நான் போட்டேன்.

அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து பேனாவை எடுத்தாள். "நான் எங்க சார் போடணும்?"

படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"உனக்கு இதுல இல்லம்மா."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். வாசலில் இருந்து அப்பா, "பஸ்ஸு வந்துடும், வா," என்றார்.