பெட்டி இப்பவும் சம்பூரில்தான்

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க என்னை அனுப்புவதாகச் சொல்லியிருந்த எங்கள் திட்டத் தலைவர் சேர், அந்த இடத்தைத் தன் தங்கச்சியின் மகனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை எங்களிடம் வந்த அன்று காலையில்தான் எனக்கு அது தெரிந்தது. ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு எடுத்த வீடு எங்கள் திட்ட அலுவலகம். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற என்னிடம், இடம் கிடைத்த அந்தத் தம்பி வந்து சிரித்தான்.

"அக்கா, அங்கத்தைய குளிருக்கு என்ன மாதிரிச் சட்டை வாங்கோணும்? நீங்கள் எல்லாம் தேடி வச்சிருப்பீங்கள்தானே."

ஓம், தேடித்தான் வைத்திருந்தேன்.

மீன் காயவைக்கிற சனத்துக்குச் சூரியப் பெட்டி கொடுப்பது எங்கள் திட்டம்; இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. எங்களுடையது வேறு மாவட்டத்தில்; கடல் இங்கே; நான் இந்தப் பக்கத்து அன்புவழிபுரத்துப் பிள்ளை. ஆகவே சனத்தைக் கூட்டுவது, அந்த நாட்டு மாணவரோடு இணையத்தில் கதைப்பது, சேரின் அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவது எல்லாம் என் தலையில். "நீர்தான் போகப்போறீர், யோசியாதையும்" என்று சொல்லிச் சொல்லியே வேலை வாங்கினார்.

மொழிபெயர்ப்புக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சனம் என்ன முறைப்பாடு சொன்னாலும், மிகவும் சந்தோசமாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும். அவருக்கே ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அவர் படத்துக்கு நிற்க வேண்டுமே. சம்பூருக்குப் போன எங்கள் வான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது நான் முடிவெடுத்துவிட்டேன்: இன்றைக்கு அந்த வழக்கம் இல்லை.

சம்பூரில் கருவாடு காயவைக்கிற சூரியப் பெட்டி பளபளவென்று நின்றது. முதல்நாள்தான் லொறியில் வந்தது. விருந்தாளிகள் போனதும் திரும்ப லொறி ஏறி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்துவிடும். முந்திய வருகையிலும் அப்படித்தான். அந்த லொறி பனைகளுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றது.

கருவாடு போடுகிற ஓர் அக்காவிடம், பெட்டி உதவியாக இருக்கிறதா என்று பேராசிரியை கேட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கள் போனாப் பிறகு இது நிக்குமோ, இல்லாட்டி போனமுறை மாதிரி லொறியில ஏறுமோ எண்டு கேள் பிள்ளை. படத்துக்காண்டி உள்ள போட்ட மீனை, படம் எடுத்து முடிய வெளிய எடுக்கச் சொன்னவை. பிறகு நாங்கள் பாயிலதான் காயவச்சனாங்கள்."

சேர் சிரித்தபடி நின்றார். சந்தோசமாம் என்று சொல்லுவேன் என்ற நம்பிக்கை. நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பாயையும் சொன்னேன். லொறி நிற்கிற இடத்தைக் கையால் காட்டினேன். அது அக்கா சொல்லாதது, என் பங்கு.

"போனமுறை கொஞ்சம் பழுது, திருத்தக் கொண்டுபோனோம்" என்று சேர் ஆங்கிலத்தில் இழுத்தார்.

"இன்றைக்கும் பழுதா?" என்றார் பேராசிரியை.

ஒருவரும் கேட்காமலே அதையும் தமிழில் சனத்துக்குச் சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில், பெட்டி ஊருக்குத்தான் என்று எல்லாருக்கும் முன்னால் சேர் சொல்ல வேண்டி வந்தது. லொறி வெறுமையாகத் திரும்பியது.

பேராசிரியை வேறு வாகனத்தில் போய்விட்டார். எங்கள் வான் மூதூரைத் தாண்டியதும் சேர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் சொல்லோணும் எண்டில்லைத்தானே" என்றார்.

"சனத்தின்ர குரல் அங்க கேக்கோணும் எண்டு அறிக்கையில கிடக்கு, சேர். நான்தானே எழுதினனான்."

தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வெளிநாட்டுக்கு அவன்தான் போனான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் இணையத்தில் நடக்கிற மாதக் கூட்டத்துக்கு நானும் வர வேண்டும் என்று பேராசிரியை எழுதிவிட்டார். என்னை நிறுத்த சேருக்கு ஏலாது. கூட்டம் தொடங்கியதும் பேராசிரியை முதலில் விசாரிப்பது பெட்டியைத்தான். சேர் தொண்டையைச் செருமுவதற்குள் நான் படத்தைத் திரையில் போட்டுவிடுவேன். அதற்காகவே மாதாமாதம் பஸ் ஏறிச் சம்பூருக்குப் போகிறேன்.

போன மாதம் அக்கா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விலகி நின்றார்.

"கிட்ட வந்து எடு பிள்ளை. சூடை மீன் கருவாடு உங்கட சேருக்கு வடிவாத் தெரியோணும்."

கிட்டப் போய் எடுத்தேன்.