சேஷாத்ரி கத்தியைக் கீழே வைத்தார்

போன சனிக்கிழமை தாராவியில் ஒரு மனிதர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் நம்புவீர்களா?

உடனே நம்ப வேண்டாம். முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் சேஷாத்ரி. மாட்டுங்காவில் எனக்கு நேர் மேல் வீடு. ஒரு ஜவுளி மில்லில், தலை நரைக்கும் வரை கணக்குப் பிரிவில் இருந்தவர். ஸ்டிரைக் வந்தது, மில் கதவு மூடியது... மூடியதுதான். கைக்கு வந்த பி.எஃப். பணத்தை பாங்கில் போட்டுவிட்டு, காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம் என்று இருந்திருக்கலாம். ஆனால் இன்றைய பம்பாயில் யாரால் சும்மா இருக்க முடிகிறது? லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவன்கூட ஷேர் விலைதான் பேசுகிறான். சேஷாத்ரியும் இறங்கினார்.

அவரிடம் ஒரு பழக்கம். வாங்கிய ஷேர் விலை இறங்கினால் விற்க மாட்டார். இன்னும் கொஞ்சம் வாங்குவார்.

"மலிவா கிடைக்கறச்சே வாங்கிப் போட்டா சராசரி விலை இறங்கிடும் ஓய். அப்புறம் கொஞ்சம் ஏறினாப் போறும், அத்தனையும் லாபம்" என்பார்.

இதற்கு 'ஆவரேஜ் பண்ணுவது' என்று பெயர். கணக்கில் தப்பே கிடையாது. ஷேர்தான் ஏறவில்லை. அது இறங்க இறங்க இவர் ஆவரேஜ் பண்ணிக்கொண்டே போனார். அவர் மனைவி மங்களம் மாமியின் வளையலும் போன பிறகுதான் மனிதர் ஓய்ந்தார்.

பிறகு ஒரு நாள் பார்த்தால், டிபன் பாக்ஸும் கையுமாகக் கிளம்பிப் போகிறார். எங்கே? தாராவிக்கு, காதர் பாயின் தோல் பட்டறைக்கு. காதர் பாய் திருநெல்வேலிக்காரர். சேஷாத்ரியைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மில் நாளிலிருந்து பழக்கம் என்பதால், கணக்கு எழுதத்தான் கூப்பிட்டிருக்கிறார். இவர், "நம்பரைப் பார்த்தாலே இப்போ பயமா இருக்கு பாய். எனக்குக் கத்தியைக் கொடுங்கோ, தோல் வெட்டக் கத்துக்கறேன்" என்றாராம்.

மாட்டுங்கா சும்மா இருக்குமா? மாடிப்படியில் இவர் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியவர்கள் உண்டு. என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்ன ஓய், பூணூலும் இனிமே தோல்லதானா?"

"உபநயனத்துல மான்தோல் கட்டிண்டேனே, அப்போ யாரும் மூக்கைப் பிடிக்கலையே" என்றார்.

முதலில் அவருக்கு ஒரு மணிபர்ஸ் வெட்டக் கொடுத்தார்கள். ஒரு ஓரம் கோணிக்கொண்டது. அதைச் சரிசெய்ய எதிர் ஓரத்தைச் சீவினார். இப்போது அது கோணல். மறுபடி இந்தப் பக்கம்... மறுபடி அந்தப் பக்கம்... மணிபர்ஸ் சில்லறைப் பையாகி, கடைசியில் சாவிக்கொத்தில் மாட்டுகிற பட்டையாகிவிட்டது. காதர் பாய் அதைத் தூக்கிப் பிடித்து, "சாமி, இது என்ன மாலு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆவரேஜ் பண்ணிட்டேன் பாய்."

பட்டறையில் யாருக்கும் புரியவில்லையாம். எனக்குப் புரிந்தது. சிரித்தேன், உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. ஷேர் பஜாரை விட்டு வந்துவிட்டார், பஜார் இவர் கையை விட்டுப் போகவில்லையே?

மாதங்கள் ஓடின. பட்டறையின் வெட்டுக்காரர் துபாய் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பைகளுக்குப் பெரிய ஆர்டர். காதர் பாய் மென்மையாகத்தான் சொன்னாராம்.

"சாமி, சனிக்கிழமை ஒரு முழுத்தோல் தாரேன். அதுல நாலு பை வரணும். வந்துட்டுன்னா வெட்டு வேலை உமக்கு. வரலைன்னா கோவிச்சுக்கிடாதேயும், நான் வேற ஆளு பாக்கணும்."

அதனால்தான் நான் அங்கே போனேன். "சும்மா பக்கத்துல உக்காந்திரும் ஓய். மங்களத்தைக் கூப்பிட எனக்கு தைரியமில்லை" என்றார் சேஷாத்ரி.

பசை வாடை, தையல் மெஷின்களின் சத்தம். சேஷாத்ரி தோலை விரித்தார். தகர அச்சை வைத்துக் கோடு போட்டார். கத்தி போயிற்று. பாருங்கள், பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை அது. வழுக்கிக்கொண்டு, நின்று, திரும்பி, மறுபடி வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு மூச்சு விடவே பயம். ஒரு பை, இன்னொன்று, மூன்றாவதும் ஆயிற்று.

நாலாவது பையில் இரண்டு பக்கம் வெட்டியாயிற்று. திடீரென்று நிறுத்தி, கட்டைவிரலை அடியில் கொடுத்துத் தோலை வளைத்தார். தலைமுடி மாதிரி ஒரு கோடு. மாடு உயிரோடிருந்தபோது முள் கிழித்து ஆறிய தழும்பு. பாலிஷ் அதை மூடியிருந்தது. வளைத்தால் மட்டும் தெரிகிறது.

"பையோட மூடி மேல வந்தா மறைஞ்சுடுமே ஓய்" என்று கிசுகிசுத்தேன்.

சேஷாத்ரி அச்சை ஒரு விரற்கடை நகர்த்தினார். அப்படியும் தழும்பு உள்ளே விழுந்தது. இன்னொரு விரற்கடை... மறுபடி ஆவரேஜ் பண்ண ஆரம்பித்துவிட்டாரா?

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாய், நாலாவது வராது. இங்க தழும்பு இருக்கு. இத்தோட நிறுத்திக்கறேன். மிச்சத்துல கைப்பிடியும் உள்பாக்கெட்டும் வெட்டிடலாம்."

நாலு வராவிட்டால் வேலை இல்லை என்று தெரிந்த மனிதர்! இறங்குகிற ஷேரை ஒரு தடவைகூட விட மனமில்லாமல் கையிலிருந்ததையெல்லாம் காலி பண்ணினவர். இந்த வயதில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வது பெரிய காரியம்தான். தன்னையே கழற்றி வேறு மாதிரி பூட்டிக்கொள்வது...? எதிரே உட்கார்ந்திருப்பவர் என் மேல் வீட்டுக்காரர்தானா என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பசை வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

காதர் பாய் வந்தார். தோலை வளைத்தார், மறுபடி வளைத்தார்.

"நாந்தான் இதைப் பொறுக்கி எடுத்தேன். என் கண்ணுல படலியே சாமி" என்றார். பிறகு தையல்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அந்த மெஷின நவுத்துங்க. சாமி மேசைய ஜன்னலுகிட்ட போடணும்."

ஜன்னல் வெளிச்சம் வெட்டுக்காரருக்குத்தான். தோலில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தானே?

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டேன். "பாதியில விட்டேளே, வலிக்கலையா?"

"வலிச்சுது ஓய். ஆனா சின்னதா வலிச்சுது" என்றார்.

பங்கு பஜாரில் பாதியில் இறங்கிக்கொள்கிறவனைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். தாராவியில் அவனுக்கு ஜன்னலோரம் இடம் கொடுக்கிறார்கள்.