அவசரத்துக்கு யார்?

வனமாமலை நாங்குநேரிக்காரர். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. கல்யாணம் கூடி வரவில்லை, பென்னலூரில் தனியறை. இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால், எந்தப் படிவம் வந்தாலும் லைனில் வேலை பார்க்கும் பையன்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

இந்தத் தடவை வந்த படிவம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டது. ஊரில் இருக்கும் அப்பா அம்மா ஆகாதாம். கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்கிற ஆள் வேண்டுமாம்.

“அண்ணாச்சி, கொலீக்னா யாரு, ஃப்ரெண்டுனா யாரு?” என்றான், படிவத்தோடு வந்து நின்ற ஏழு பையன்களில் ஒருவனான மகாராஜா.

“கூட வேல பாக்கவன்லாம் கொலீக்கு. அதுல எவன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவானோ, அவன் ஃப்ரெண்டு. ஒரே ரூம்ல கெடந்தா ரூம்மேட். பக்கத்து ரூம்காரன் நெய்பர். போதுமால?”

“அப்போ நீங்க ஃப்ரெண்டு,” என்று அவர் நம்பரையே எழுதினான். மற்ற ஆறு பேரும் அதையே எழுதிவிட்டுப் போனார்கள். உங்களுக்கு யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

வனமாமலை தன் படிவத்தில் ‘நம்பி, ரூம்மேட்’ என்று எழுதி, தன் போனிலேயே இருக்கும் இரண்டாவது சிம்மின் நம்பரைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் படுத்திருந்தபோது அந்த நம்பருக்கு அழைப்பு வந்தது.

“ஹெச்.ஆர்.ல இருந்து பேசறேன். நம்பி சாரா? வனமாமலைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களக் கூப்பிடச் சொல்லியிருக்காரு. வருவீங்களா?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கண்டிப்பா வருவேம்மா. அவனுக்கு வேற யாரும் இல்ல.”