கனகாம்பாளுக்கு எந்த நம்பர்?

சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே நிமிராமல் கேட்கிறாள் கனகாம்பாள்: “பெரிய பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிடுச்சா?” மீன் வாங்க நிற்கும் வீட்டுக்காரிக்கு இது புதிதில்லை. போன வாரமும் கேட்டாள், அதற்கு முந்தின வாரமும் கேட்டாள். தை மாதம்தான் பதினெட்டு முடிகிறது என்று சொன்னால் விட்டுவிடுவாளா? “இப்பவே எழுதிப் போட்டுரலாங்க, முன்கூட்டியே வாங்கிக்கிறாங்க.” கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் படிவத்தை எடுத்து நீட்டுவாள். மீன் விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறவள், படிவம் விஷயத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் கெஞ்சுவாள்.

வயது ஐம்பத்தெட்டு. படிப்பு ஐந்தாவது. காரைக்கால்மேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் தெருக்களில் உச்சி வெயில் வரைக்கும் விற்பாள். குடியிருப்பது அதற்கும் வடக்கே, கொம்யூன் என்று இங்கே சொல்லும் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு சின்ன மீனவக் குப்பத்தில். வாக்காளர் பட்டியல் சங்கதி முழுவதையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: “பதினெட்டு முடிஞ்சா ஆறு, செத்தா ஏழு, வூடு மாறுனா எட்டு. இவ்ளோதான்.” எல்லாம் படிவத்தின் எண்கள். ஓட்டு ஆபீஸில் அவள் கொண்டுவந்த படிவங்களைத் தனியாகக் கண்டுபிடிப்பது சுலபம். எங்காவது ஒரு செதில் ஒட்டியிருக்கும். அங்கிருக்கும் இளைஞர் அப்ரார் அதை நகத்தால் தட்டிவிட்டு முத்திரை குத்துவார்.

இவளுக்கு ஏன் இந்தப் பாடு என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எந்தக் கட்சியும் இவளுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. காரணம் அவள் ஊரில் இருக்கிறது. குப்பத்தில் ஊர் நோட்டு என்று ஒன்று உண்டு. கல்யாணமாகி வரி கட்டும் ஒவ்வொரு ஆணும் அதில் ஒரு புள்ளி. கோயில் திருவிழா, நிவாரண அரிசி, ஊர்க்கூட்டம் எதுவானாலும் புள்ளிக்குத்தான். ஆண் இல்லாத வீடு அந்த நோட்டில் இல்லை. ஊர் கூடியிருக்கும்போது பெண்கள் ஊர் மண்டபத்தின் படியில் கால் வைப்பதும் இல்லை. 2004 சுனாமி அலையில் அவள் புருஷன் தர்மராஜ் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நோட்டில் அவன் பெயரை அடித்தார்கள். அவனோடு அவளும் அடிபட்டுப் போனாள்.

இரண்டாவது வருஷம், 2006-இல், உள்ளாட்சித் தேர்தல் வந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த தேர்தல் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் ஊர்த் தலைவர். “அவருக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணுதான்!” இன்றைக்கு வரை யாரிடம் சொன்னாலும் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டித்தான் சொல்வாள். வைத்த மையைத் தேய்க்காமல் பார்த்துக்கொண்டாள். மீன் அரிகிற கையில் மை எத்தனை நாள் நிற்கும்? நின்ற வரைக்கும் சந்தோஷமாக இருந்தாள்.

அந்தத் தேர்தலில் வென்ற தையல்நாயகி என்ற வார்டு உறுப்பினர் தெருமுனையில் ஒரு குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் வராத அன்று கனகாம்பாள் குடத்தோடு நேராக அவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சத்தம் போடுவாள். சத்தம் போட ஒரு வாசல் இருந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. 2021-இல் தேதி அறிவித்தார்கள், அவள் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டாள், வழக்கில் எல்லாம் நின்றுபோனது. குழாயின் வாய் உடைந்து வருஷங்கள் ஆகின்றன. மண்டபத்தில் போய்ச் சொல்ல முடியாது, ஆபீஸில் சொன்னால் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கடல்தண்ணீர் ஏறிய அடிபம்பையே குப்பத்துப் பெண்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தரங்கம்பாடிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பிரதீபாவை எட்டாம் நம்பர் படிவம் எழுத வைத்தபோது அந்தப் பெண் கேட்டுவிட்டாள்: “அங்க எங்க ஊர்ல பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டேங்க. இங்க எப்பங்க போடுவாங்க?” மாநில எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமும் இதே கடல், இதே மத்தி. கனகாம்பாள் எச்சில் தொட்டுப் படிவத்தின் பக்கத்தைத் திருப்பினாள். “வரும் புள்ள. வர்ற அன்னிக்குப் பேரு இல்லன்னா என்னா பண்ணுவ?” அவளை இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு வந்தது இந்த ஒரு பதில்தான்.

போன ஐப்பசி, கார்த்திகையில் பட்டியலை முழுதாகத் திருத்தினார்கள். பழைய வாக்காளர்கள் ஒவ்வொருவரும் படிவம் நிரப்பித் தரவேண்டும். அந்தச் சமயம் பார்த்து அக்கரைப்பேட்டையில் அவள் மகள் சந்திராவுக்குப் பிரசவம். போகுமுன் எதிர்வீட்டில் இருக்கும் தர்மராஜின் அண்ணன் மகன் ஆனந்தராஜிடம், தன் படிவத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊர் நோட்டு அவனிடம்தான் இருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டிய அலுவலர், மண்டபத்திலேயே உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனந்தராஜ் போனில் சொன்னான்: “ஊர்ல எல்லாருக்கும் முடிஞ்சுது சித்தி.”

அந்த ‘எல்லாரும்’ யார் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் குப்பத்தில் கிடையாது. ஆனாலும் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தானும் அதில் சேர்த்திதான் என்று நம்பிவிட்டாள். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால், “நேர்ல பாக்காம எப்டி நம்புன?” என்று கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். தன்னை என்ன சொல்லித் திட்டுவது?

வரைவுப் பட்டியலில் பெயர் இல்லை. அன்றைக்கு ஏலத்துக்குப் போகாமல் ஓட்டு ஆபீஸுக்குப் போனாள். அப்ரார் கணினியில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“எனக்குப் பதினெட்டு இல்ல. வூடு மாறல. சாவவும் இல்ல. எனக்கு எந்த நம்பரு தம்பி?”

“ஆறுதாங்க அம்மா. புதுசா சேர்றவங்க மாதிரி எழுதணும். விசாரணைக்கு ஊருக்கு ஆளு வருவாங்க.”

அத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த ஆறாம் நம்பரை அன்று தனக்காக எழுதினாள். அடித்தல் திருத்தலில் ஒரு படிவம் வீணானது. இரண்டாவதை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அப்ராரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தாள்.

விசாரிக்க ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்நேரம் அவள் கூடையோடு காரைக்கால் தெருவில் இருப்பாள் என்பது ஊருக்கே தெரியும். வந்தவர் மண்டபத்தில் கேட்டார், ஆனந்தராஜ் நோட்டைப் பிரித்தான். விண்ணப்பம் தள்ளுபடி என்று வந்த காகிதத்தில், விசாரித்ததில் அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று இருந்தது. அதைக் கொண்டுபோய் ஆனந்தராஜ் முன்னால் வைத்தாள்.

“இந்தப் பேர்ல புள்ளி இருக்கான்னு பாத்தேன் சித்தி. நோட்டுல இல்ல. இல்லாதத எப்டி இருக்குன்னு சொல்றது?”

“நோட்டப் பாத்த. எதுத்த வூட்டப் பாத்தியா?”

ஆனந்தராஜ் கெட்டவன் இல்லை. அவள் குழம்பு வைத்தால் கிண்ணத்தோடு வந்து நிற்கிறவன். முந்தாநாளும் நின்றான். அதுதான் அவளைச் சாய்த்துவிட்டது. வேண்டுமென்று செய்திருந்தால் தெருவில் நின்று ஏசியிருக்கலாம். எதிர்வீட்டில் இருபது வருஷமாக விளக்கேற்றுகிறவள் நினைவுக்கே வரவில்லை என்றால் யாரை ஏசுவது? மேல்முறையீடு உண்டு என்று அப்ரார் சொன்னார். “பாப்பம் தம்பி” என்றாள். பிறத்தியாருக்காக அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

இறுதிப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்று, மீன் விற்றுத் திரும்பும் வழியில் கூடையோடு அங்கே போனாள். அவளைக் கண்டதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, எனக்குப் பாருங்க.” “ஆத்தா, எம் மருமவளுக்கு.” கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் இருந்தது. பிரதீபாவும் இருந்தாள். போன வருஷம் பதினெட்டு முடிந்த ஆறு பெண்களும் இருந்தார்கள்.

“ஒங்களுது எங்கங்க?” என்று பிரதீபாதான் கேட்டாள்.

கனகாம்பாளின் விரல் கதவிலக்கம் நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அடுத்த வரி நூற்றுப் பதினான்கு. இரண்டு வரிக்கும் நடுவில் இருந்த அந்த நூலிழை இடத்தில் விரலை வைத்து, ஓட்டு மெஷினில் அழுத்துவதுபோல் அழுத்தினாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது, விரலில் இருந்த சங்கராச் செதில் ஒன்று காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. பிரதீபா அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கினாள். கனகாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.